முழங்காலுக்கு மூன்று மாத்திரை

தி.நகர் வடிவாம்பிகை பட்டு மாளிகையில் ஜூலியட் இருபத்தோரு வருடம் நின்றாள். வேலை பார்த்தாள் என்று சொன்னாலும் பொருள் ஒன்றுதான். காலை ஒன்பதரைக்கு இரண்டாவது மாடியில் காஞ்சிபுரம் பட்டுப் பிரிவில் நிற்க ஆரம்பித்தால், ஷட்டர் இறங்குகிறவரை நிற்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் கொடுத்தார்கள். சாப்பாட்டு அறை ஏழாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு. ஏறி இறங்குவதற்குப் பதினாலு நிமிடம் போக, மிச்சத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

நாற்பத்தாறாவது வயதில் அவளுடைய வலது முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. படி ஏறி இறங்கும்போது உள்ளே யாரோ தேங்காய் உடைப்பதுபோல் இருக்கும். சாந்தோமில் அவர்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனில், அவள் கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் புருஷன் எரிக் கதவைத் திறந்துவிடுவான். காலிங் பெல் கெட்டுப்போய் இரண்டு வருடமாகியும் அவர்கள் அதைச் சரிசெய்யவில்லை.

ஒரு முகூர்த்த மாதத்து வெள்ளிக்கிழமை, அபிராமபுரத்திலிருந்து வந்த கல்யாணக் கூட்டம் ஒன்றுக்கு ஜூலியட் அறுபத்திரண்டு புடவைகளைப் பிரித்துக் காட்டினாள். அவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஆறு கைக்குட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அறுபத்திரண்டையும் மடித்து வைத்த பிறகு அவள் கவுண்டருக்குப் பின்னால் இருந்த புடவைக் கட்டின் மேல் ஒரு நிமிடம் உட்கார்ந்தாள்.

சூப்பர்வைசர் இசக்கிமுத்து வேகமாக வந்து, அந்தக் கட்டைக் காலால் எட்டி உதைத்தார். கட்டு நழுவிப் போயிற்று. ஜூலியட்டின் பின்மண்டை கவுண்டரின் கண்ணாடி விளிம்பில் மோதியது. நான்கு தையல் போட்டார்கள். ரத்தம் ஒரு புடவையில் தெறித்துவிட்டது. நல்லவேளையாக அது அரக்கு நிறம். அடுத்த வாரமே விற்றுப்போயிற்று.

இசக்கிமுத்து கெட்டவர் அல்ல. தையல் போட்ட தலையோடு அவள் திரும்பி வந்தபோது அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எனக்கு மட்டும் ஆசையா ஜூலியட்டு. மேல கேமராவுல சின்ன மொதலாளி பாத்துக்கிட்டே இருக்காவ. நான் உதைக்கலன்னா என்னைய உதைப்பாவ."

அவர் சொன்னது நிஜம். போன தீபாவளிக்குச் சுவரில் சாய்ந்ததற்காக அவருடைய கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்ததை இரண்டாவது மாடியே பார்த்திருந்தது.

பிளவுஸ் பிட் பிரிவில் இருந்த மெஹபூப் பாஷாதான் ஜூலியட்டிடம் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காருவதற்கு முதலாளி இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. மீர்சாகிப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வக்கீல் குமாஸ்தா அவருக்கு அந்தச் சட்டத்தைக் காட்டியிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பக்கத்தில் மனு எழுதிக் கையெழுத்துப் போட்டு, உரிய அலுவலகத்துக்கு அனுப்பினார்கள்.

நிர்வாகம் அசாதாரண வேகத்தில் செயல்பட்டது. ஒரே வாரத்தில் பதினொரு ஸ்டூல்கள் வந்து இறங்கின. இருநூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களும் கீழே நின்று பார்க்க, அவற்றை ஏழாவது மாடிக் கிடங்குக்கு ஏற்றி, ஒரே சங்கிலியில் கோத்துப் பூட்டினார்கள். ஸ்டூல் வேண்டுவோர் படிவம் பூர்த்தி செய்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த மூன்று பேரும் வெவ்வேறு மாடிகளில் இருந்தார்கள். மூன்றாவது கையெழுத்து வாங்கும்போது உட்கார வேண்டிய நேரம் முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் சின்ன முதலாளி ராம்குமாருக்கு அந்த யோசனை வந்தது. வெளிநாட்டில் நிர்வாகம் படித்தவர். குறை ஸ்டூலில் இல்லை, முழங்காலில் இருக்கிறது என்பதை அவர் கண்டுபிடித்தார். கந்தக மாத்திரையால் முழங்காலைச் சரிசெய்துவிட்டால் ஸ்டூல் எதற்கு? இப்படிப் பிறந்ததுதான் 'கந்தக நலத் திட்டம்'.

தொடக்க விழா மொட்டை மாடியில் காலை எட்டு மணிக்கு நடந்தது. ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். ராம்குமாருக்கு ஒரு சோபாவை லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் அதில் சாய்ந்தபடியே மைக்கை வாங்கிப் பேசினார்.

"முப்பத்தெட்டு வருஷமா நம்ம ஃபேமிலில யாரும் உட்கார்ந்ததில்ல. எங்க தாத்தா மட்டும் கல்லாவுல உட்கார்ந்தாரு. யாருக்காக? உங்க எல்லாருக்காகவும் சேர்த்து அவரு ஒருத்தரே உட்கார்ந்தாரு. அந்தக் கஷ்டத்த நீங்க படக் கூடாதுன்னுதான் இப்ப நான் உட்கார்ந்திருக்கேன். நீங்க உட்கார்ந்தா வலி போயிடும்னு நினைக்கிறீங்க. போகாது. இன்னைக்கு ஸ்டூல் கேப்பீங்க, நாளைக்கு பாத்ரூம் போகணும்னு கேப்பீங்க. இதுக்கெல்லாம் முடிவே கிடையாது. ஆனா மாத்திரைக்கு முடிவு உண்டு. ஒரு நாளைக்கு மூணு."

கைதட்டல் முடிந்ததும் நல ஆலோசகர் டாக்டர் மதிவாணன் எழுந்தார். பட்டு ஜிப்பா போட்ட, குண்டான, இனிமையான மனிதர். எதில் டாக்டர் என்று மெஹபூப் பாஷா விசாரித்தபோது "முழுமையாக" என்று பதில் சொன்னவர்.

"அன்புச் சொந்தங்களே, இந்தப் பூமியின் வயிற்றில் இருப்பது கந்தகம். எரிமலையின் நெஞ்சில் இருப்பது கந்தகம். நான் கேட்கிறேன், எந்த எரிமலையாவது என்றைக்காவது உட்கார்ந்ததுண்டா? கோடிக்கணக்கான ஆண்டுகளாக நின்றுகொண்டே இருக்கிறது. அதற்கு மூட்டுவலி வந்ததாக வரலாறு இல்லை."

வரிசையாக டப்பா கொடுத்தார்கள். டப்பாவில் பெயர் நீளமாக, வாயில் நுழையாததாக இருந்ததால் ஊழியர்கள் அதைக் கந்தகம் என்றே சொன்னார்கள். அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி இருந்தது. இது எந்த நோயையும் குணப்படுத்துவதற்கோ தடுப்பதற்கோ உரியது அல்ல என்று அந்த வரி சொல்லிற்று. ஜூலியட் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

மாத்திரை எல்லோர் வயிற்றிலும் வேலை செய்தது. மூன்றாம் நாள் காஞ்சிபுரம் பட்டுப் பிரிவுக்கு வந்த வாடிக்கையாளர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பருத்திப் பிரிவுக்குப் போனார்கள். அங்கேயும் அதே நிலை. நிர்வாகம் ஒவ்வொரு மாடிக்கும் சந்தன வாசனை தெளிக்க ஆள் போட்டது. அந்த ஆளுக்கும் மூன்று மாத்திரை.

நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் ஜூலியட்டுக்குக் கொஞ்சம் சௌகரியமாகத்தான் இருந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது இருந்த விறைப்பு குறைந்தது. மாத்திரையாலா, எரிக் தினமும் கொடுத்த வெந்நீர் ஒத்தடத்தாலா என்று அவளுக்குத் தெரியாது. மதிவாணன் கேட்டபோது அவள் உண்மையைச் சொன்னாள்.

"பரவால்ல சார். கொஞ்சம் கொறைஞ்சிகீது."

அன்று மாலையே அவளுடைய போட்டோ மாடிப்படி முழுக்க ஒட்டப்பட்டது. கீழே 'எனக்கு வலியே இல்லை — ஜூலியட், காஞ்சிபுரம் பட்டு' என்று போட்டிருந்தது. அந்தப் படிகளில்தான் அவள் தினமும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்க வேண்டியிருந்தது.

மெஹபூப் பாஷாவுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு ஊதியதுதான் மிச்சம். முழங்கால் அப்படியே இருந்தது. அவர் மாதிரி நாற்பது பேர் இருந்தார்கள். ஒரு திட்டம் பலன் தரவில்லை என்றால் அதை அளக்கவில்லை என்று பொருள் என்று ராம்குமார் சொன்னார். ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் வலி அளவீடு நடக்கும் என்று சுற்றறிக்கை வந்தது.

அளவீட்டு விதிகளை மதிவாணனே எழுதினார். ஊழியர் நேராக நிற்க வேண்டும். ஆலோசகர் ரப்பர் சுத்தியால் முழங்காலில் அடிப்பார். ஊழியர் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். எண் மூன்றுக்கு மேல் போனால் இன்னொரு மாத்திரை விழுங்கச் செய்து மறுபடி அடிக்க வேண்டும். எண் மூன்றுக்கு வரும்வரை இது தொடரும். விதியின் பலன் உடனே தெரிந்தது. முதல் திங்கட்கிழமை சராசரியாக நான்கு அடியில் குணமானவர்கள், மூன்றாவது திங்கட்கிழமை சுத்தியைப் பார்த்ததுமே குணமானார்கள். சுவரில் ஒரு வரைபடம் மாட்டினார்கள். அதில் வலி செங்குத்தாகக் கீழே இறங்கியது.

மெஹபூப் பாஷா மட்டும் ஒவ்வொரு வாரமும் எட்டு என்றார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. இருபது வருடமாக மங்கிய பிளவுஸ் பிட்டை மாம்பழ நிறம் என்று விற்றவர்தான். முழங்கால் விஷயத்தில் ஏனோ அவருக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

ஐந்தாவது திங்கட்கிழமை ரப்பர் சுத்தியின் தலை கழன்று விழுந்தது. மதிவாணன் சுற்றிலும் பார்த்து, பிளவுஸ் பிட் கவுண்டரில் துணி அளக்க வைத்திருந்த இரும்பு மீட்டர் கம்பியை எடுத்துக்கொண்டார். மெஹபூப் பாஷா தினமும் கையில் பிடித்த கம்பி.

முதல் அடிக்கு எட்டு என்றார். இரண்டாவது அடிக்கும் எட்டு. மதிவாணன் சலிப்போடு ஜூலியட்டின் போட்டோவைக் காட்டினார். அதே மாத்திரை, அதே மாடி, அந்த அம்மாவுக்கு வலி இல்லையே, உமக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். வரிசையில் அடுத்ததாக நின்ற ஜூலியட் தலையைக் குனிந்துகொண்டாள். தனக்கும் வலிக்கிறது என்று அப்போது அவள் சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. அடுத்த அடி தன் காலில் விழும் என்ற பயத்தில் விழுங்கிவிட்டாள்.

மூன்று, நான்கு என்று அடி விழுந்தது. "எட்டுதான் சார்" என்று மெஹபூப் பாஷா சொன்னார். அவர் உதட்டிலிருந்து ரத்தம் வந்தது. கடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது அடியில் ஓடு நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவர் கத்தவில்லை. கால் பக்கவாட்டில் மடங்கி, அப்படியே சரிந்தார். முழங்கால் சில்லு இரண்டாகப் பிளந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மதிவாணன் பதிவேட்டில் 'பலன் சிறிது தாமதமாகிறது' என்று எழுதினார். நிர்வாகத்தின் சார்பில் ஆஸ்பத்திரிக்கு மூன்று டப்பா மாத்திரை அனுப்பிவைக்கப்பட்டது.

பத்து நாள் கழித்து ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். பங்கஜம் என்று பெயர். பழைய மனுவும், மெஹபூப் பாஷாவின் மகள் கொடுத்த புதிய மனுவும் அவருடைய கோப்பில் இருந்தன. சங்கிலியை அவிழ்த்துப் பதினொரு ஸ்டூல்களையும் இரண்டாவது மாடிக்குக் கொண்டுவந்து, வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ரோஜாப்பூ வைத்தார்கள். பங்கஜம் ஒரு பூவை எடுத்துவிட்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. பாதாம் பால் வந்தது. குடித்துக்கொண்டே, 'இருக்கைகள் உள்ளன, உறுதியாக உள்ளன, ஆய்வின்போது பயன்பாட்டில் இருந்தன' என்று எழுதினார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஜூலியட் அன்று துணிந்து அவர் முன்னால் போய்விட்டாள். பங்கஜம் அன்பான பெண்மணி. பதற்றப்பட வேண்டாம் என்று கையால் காட்டினார்.

"நீங்க நின்னுக்கிட்டே சொல்லலாம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல."

மெஹபூப் பாஷா அண்ணன் காலை அடித்தே உடைத்தார்கள், இங்கே யாரும் உட்காருவதில்லை என்று ஜூலியட் சொன்னாள். பங்கஜம் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, படிக்கட்டில் இருந்த போட்டோவைத் திரும்பிப் பார்த்தார். வலியே இல்லையென்று நீங்கள்தானே கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். அவர் லிஃப்டில் இறங்குவதற்குள் ஸ்டூல்கள் ஏறிவிட்டன.

ஆடித் தள்ளுபடி வந்தது. ராம்குமார் மாத்திரையை வாடிக்கையாளர்களுக்கும் விற்பதென்று முடிவெடுத்தார். 'வடிவாம்பிகை மூட்டமுதம்' என்று பெயர் வைத்தார்கள். தரைத்தளத்தில் மேடை போட்டார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஊழியர் ஒருவர் காலில் எல்லோர் முன்னிலையிலும் அடித்துக் காட்டி நிரூபிக்கப்படும் என்று விளம்பரம் வந்தது. அந்த ஊழியர் ஜூலியட்.

அவளுக்கு அதை இசக்கிமுத்துதான் வந்து சொன்னார். லீவு போட்டுவிடும்படி கெஞ்சினார். லீவு போட்டால் வேலை போய்விடும், போனால் இந்தக் காலோடு வேறு எந்தக் கடையில் நிற்கச் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஜூலியட் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு நேராகக் கடைக்கு வந்தாள். மேடைக்கு முன்னால் முந்நூறு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். மதிவாணன் எரிமலையில் ஆரம்பித்து, தானும் தினம் ஆறு மாத்திரை சாப்பிடுவதாகவும், அதனால் தன் முழங்கால் இப்போது பதினெட்டு வயதில் இருப்பதாகவும் சொன்னார். பிறகு கம்பியை ஓங்கி ஜூலியட்டின் வலது முழங்காலில் அடித்தார்.

கண் இருட்டியது.

"வலிக்கல" என்றாள் மைக்கில். கூட்டம் கைதட்டியது.

இரண்டாவது அடி இன்னும் பலமாக விழுந்தது. இந்தமுறை அவளால் பேச முடியவில்லை. கண்ணிலிருந்து நீர் தானாக ஓடியது. அம்மா ஆனந்தத்தில் அழுகிறார் என்று மதிவாணன் கூட்டத்துக்கு விளக்கிவிட்டு, மூன்றாவது அடிக்காகக் கம்பியை உயர்த்தினார். ஜூலியட் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். முறுக்கியதும் அது அவள் கைக்கு வந்துவிட்டது. இருபத்தோரு வருடம் புடவைக் கட்டுகளைத் தூக்கிய கை.

"நான் மூணுதான் சார் சாப்புட்றேன். நீங்க ஆறு. ஒங்க காலுல காட்டுனா ஜனங்களுக்கு இன்னும் நல்லா புரியும்."

கூட்டத்துக்கு இது பிடித்துப்போயிற்று. விசில் அடித்தார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற ராம்குமார் இதை நல்ல உத்தி என்று நினைத்துத் தலையாட்டினார். மதிவாணன் பின்வாங்க வழியில்லாமல் சிரித்தார். ஜூலியட் அடித்தாள்.

"வலிக்கவில்லை" என்றார் மதிவாணன், குரல் கீச்சிட.

தனக்கு அவர் மூன்றாவது அடிக்கும் ஓங்கியதை ஜூலியட் நினைவூட்டினாள். இரண்டாவது அடி சில்லின் ஓரத்தில் பட்டது. மதிவாணன் சிரித்தபடியே மேடைத் திரையைப் பற்றினார். மூன்றாவதை அவள் இரண்டு கையாலும் சேர்த்து இறக்கினாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். மதிவாணன் திரையோடு விழுந்தார். அவர் வாயிலிருந்து வந்த ஊளையை, கையில் இருந்த மைக் ஏழு மாடிக்கும் கொண்டுபோயிற்று. கடைசியில் "ஐயோ, ஒரு நாற்காலி" என்ற வார்த்தைகள் மட்டும் தெளிவாகக் கேட்டன.

ராம்குமார் பாய்ந்து மேடையேறி மைக்கைப் பிடுங்கினார்.

"டாக்டர் தரையில உட்கார்ந்து காட்டுறார் பாருங்க. இந்த வயசுல கால் எப்படி மடங்குது பாருங்க."

கால் நிஜமாகவே யாரும் பார்த்திராத திசையில் மடங்கியிருந்தது. கோட்டூர்புரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் ஆறு டப்பா கேட்டார். பின்னால் இருந்தவர்கள் தீர்ந்துவிடும் என்று முண்டியடித்தார்கள். கவுண்டர் கண்ணாடி உடைந்து இரண்டு பேருக்குக் கையில் வெட்டு. ஒருவர் மண்டையில் மாத்திரை டப்பாவாலேயே அடித்தார்கள். அரைமணி நேரத்தில் இருப்பு முழுவதும் விற்றுப்போயிற்று.

இந்தக் கூச்சலுக்கு நடுவில் ஜூலியட் கம்பியோடு அப்படியே நின்றாள். நாலாவது அடிக்குக் கை தானாக உயர்ந்திருந்தது. விழுந்து கிடந்தவரின் மற்ற முழங்காலை அவள் கண் அளந்துகொண்டிருந்தது. அதில் ஒரு சுகம் இருந்தது. மெஹபூப் பாஷாவுக்காக என்று அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. இசக்கிமுத்து பின்னாலிருந்து மணிக்கட்டைப் பிடித்து, "போதும் ஜூலியட்டு, போதும்" என்று கையை மெல்லக் கீழே இறக்கினார்.

வேலை போகும், போலீஸ் வரும் என்று அவள் இரண்டு நாள் வீட்டில் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. அவள் அடித்ததால் வலித்தது என்று புகார் எழுதினால் மூட்டமுதத்தை எப்படி விற்பது? மூன்றாம் நாள் வந்தது பதவி உயர்வு. மதிவாணன் நீண்ட விடுப்பில் போவதால், மேடையில் காட்டிய திறமையைப் பாராட்டி, ஜூலியட் வலி அளவீட்டு அலுவலராக நியமிக்கப்படுகிறாள். அலுவலர் உட்கார்ந்து பதிவேடு எழுத வேண்டியிருப்பதால் நாற்காலி உண்டு.

அவள் மீர்சாகிப்பேட்டைக்குப் போய் மெஹபூப் பாஷாவிடம் கடிதத்தைக் காட்டினாள். காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். மதிவாணன் விழுந்த கதையை அவர் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அன்று வரிசையில் தான் வாயைத் திறக்காமல் நின்றதை ஜூலியட் சொல்ல ஆரம்பித்தாள். அவர் முடிக்க விடவில்லை.

"வுடும்மா. நீயும் எட்டுன்னு சொல்லிகினு வுழுந்திருந்தா, ரெண்டு பேரும் பெட்டுல கீறோம், அவ்ளோதான். வேலய எடுத்துக்கோ. அந்தக் கம்பி இன்னொருத்தன் கைக்குப் போவக் கூடாது."

அடுத்த திங்கட்கிழமை காலை எட்டரைக்கு இரண்டாவது மாடியில் ஒரு ஸ்டீல் நாற்காலியும் மேஜையும் போட்டிருந்தார்கள். மேஜைமேல் பதிவேடும் கம்பியும் இருந்தன. ஜூலியட் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தக் கட்டடத்துக்குள் அவள் முறையாக உட்கார்ந்தது அதுதான் முதல்தடவை. எதிரில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

முதலில் வந்தவள் லாவண்யா. சுடிதார் பிரிவு, இருபத்து மூன்று வயது, வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான். பக்கத்தில் வந்ததும் பாவாடை விளிம்பை முழங்கால்வரை உயர்த்திப் பிடித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"வலிக்கல அக்கா" என்றாள்.

ஜூலியட் இன்னும் கம்பியைத் தொட்டிருக்கவில்லை.

முழங்கால் முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றியிருந்தது. கண்ணைத் திறக்கும்படி ஜூலியட் சொன்னாள். லாவண்யா திறக்கவில்லை. அடி விழும்போது கண் திறந்திருந்தால் எண் கூடிவிடும் என்றாள். ஜூலியட் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளி, உட்காரச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஜூலியட்டின் தலையில் இருந்த தையல் தழும்பைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் வேலை கற்றுக்கொண்டாள். வேண்டாம் அக்கா, மூணு அடி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள் என்று அழுதாள். ஜூலியட் அவள் தோள் இரண்டையும் பிடித்து, பலமாக அழுத்தி, நாற்காலியில் உட்காரவைத்தாள்.

லாவண்யா அலறினாள். அலறிவிட்டு, ஒன்றும் நடக்காததைக் கண்டு, ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றதையும் திறந்தாள்.

அப்போது கூரை மூலையில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. மேலே கேமரா அறையிலிருந்து ராம்குமார் பேசினார். அளவீட்டு நாற்காலியில் அனுமதி இல்லாமல் ஊழியர் உட்கார்ந்திருப்பது தெரிகிறது, அந்த ஊழியர் உடனே எழுந்து நிற்க வேண்டும் என்றார். லாவண்யா துள்ளி எழப்போனாள். ஜூலியட் ஒரு கையால் அவளை அப்படியே அமுக்கிக்கொண்டு, மற்ற கையால் கம்பியை எடுத்தாள். கவுண்டர்மேல் ஏறினாள். முழங்கால் உடைகிற மாதிரி வலித்தது.

"மறுபடியும் சொல்றேன், எழுந்—" என்றது ஒலிபெருக்கி.

முதல் அடியில் அதன் முகம் நசுங்கியது. இரண்டாவது அடியில் கூண்டு பிய்ந்து தொங்கியது. மூன்றாவது, நான்காவது என்று அவள் எண்ணாமல் அடித்தாள். அதன் செம்புக் கம்பியும் காந்தமும் காகிதமுமாகக் காஞ்சிபுரம் பட்டுகளின்மேல் கொட்டியது. ஒரு சில்லு அவள் புருவத்தைக் கிழித்தது. கடைசியில் கூரையில் ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. அதற்குள்ளிருந்து மெலிதாக ஓர் உறுமல் வந்து, அதுவும் நின்றது.

லாவண்யா எழுந்திருக்கவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற இசக்கிமுத்துதான் முதலில் அசைந்தார். தலைக்கு மேலிருந்த கேமராவை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முழங்காலும் மடங்கும்போது ஒரு சத்தம் கேட்டது. நாற்பது பேரும் உட்கார்ந்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆயின. யாருக்கும் பழக்கம் இல்லை. அன்று வடிவாம்பிகை பட்டு மாளிகை பதினொன்றரை மணிக்குத்தான் திறந்தது.

ஜூலியட் பன்னிரண்டு மணிக்கு வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். புருவத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, ஆட்டோ பிடித்து மீர்சாகிப்பேட்டைக்குப் போய், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து மெஹபூப் பாஷாவுக்கு நீக்கக் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். ஒலிபெருக்கிக்கு ஏற்பட்ட காயங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. முன்பக்கம் நசுங்கல், இடதுபுறம் கிழிசல், உள்ளே எலும்புக்கூடு போன்ற பாகம் இரண்டு இடத்தில் முறிவு. போலீசில் புகார் கொடுத்தாகிவிட்டது. கீழே ராம்குமார் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார். முப்பத்தெட்டு ஆண்டுகால வரலாற்றில் எங்கள் நிறுவனத்தில் நடந்த முதல் வன்முறைச் சம்பவம் இது.